பிஎஃப், இஎஸ்ஐ தளங்கள்: முதலாளி லாகினுக்குள் ஒரு மதிப்பீடு

பத்துப் பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), இருபது பேர் ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). இந்த இரண்டு எண்ணைத் தொட்டுவிட்ட நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் இரண்டு அரசுத் தளங்களுக்குள் போய் வந்தாக வேண்டும். இரண்டும் இலவசம், இரண்டும் கட்டாயம், மாற்றுக் கடை கிடையாது. எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும், எந்த கன்சல்டன்ட்டை வைத்தாலும் கடைசியில் கோப்பு போய்ச் சேருவது இங்கேதான். அதனால் இந்தத் தளங்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பார்ப்பதே பயன்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். பிஎஃப் தளத்துக்கு ஐந்தில் மூன்றரை, இஎஸ்ஐ தளத்துக்கு இரண்டரை. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கோப்பு வடிவம் சரியா, கூட்டல் பெருக்கல் சரியா, ஆள் இருக்கிறாரா என்று இவை பார்க்கும். நீங்கள் போட்ட சம்பளத் தொகை சட்டப்படி சரியா என்று பார்க்காது. பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் முதலாளிகள்தான் மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

கணக்குக்கு, திருப்பூரில் 25 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியை வைத்துக்கொள்வோம். பங்குதாரர் நிறுவனம். ஒருவருடைய மாதச் சம்பளம் 18,500 ரூபாய்: பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்து 9,000, வீட்டு வாடகைப் படி 3,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 6,000.

பிஎஃப் தளத்தின் உயிர், எல்லோருடைய சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டும் மாதக் கணக்கான இசிஆர் கோப்பில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரி, வரிக்குப் பதினொரு கட்டம், கட்டங்களுக்கு நடுவே #~# என்ற குறி. மாதிரிக்கு, வேறொருவருடைய வரி இப்படி இருக்கும் (யுஏஎன் என்பது தொழிலாளியின் பிஎஃப் அடையாள எண்):

யுஏஎன்#~#பெயர்#~#18500#~#13000#~#13000#~#13000#~#1560#~#1083#~#477#~#2#~#0

மொத்தச் சம்பளம், பிஎஃப் சம்பளம், பென்ஷன் சம்பளம், இடிஎல்ஐ (இறப்புக் காப்பீடு) சம்பளம், பிறகு தொழிலாளியின் 12 சதவீதம், முதலாளி பங்கில் பென்ஷனுக்குப் போகும் 8.33 சதவீதம், மிச்சமிருக்கும் 3.67 சதவீதம், சம்பளமில்லாத நாட்கள், கடைசியாக முன்பணத் திருப்பம். 12ஐயும் 8.33ஐயும் பக்கத்து ரூபாய்க்கு முழுமையாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் 477 வரும். 3.67 சதவீதத்தைத் தனியாகப் பெருக்கி எழுதாதீர்கள். சில சம்பளங்களில் ஒரு ரூபாய் இடித்து வரி திரும்பி வரும்.

தளத்தின் நல்ல பக்கம் இங்கே தெரிகிறது. பிழை இருந்தால் எந்த வரி, எந்தக் கட்டம் என்று சொல்லிவிடும். சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சலானும் டிஆர்ஆர்என் என்ற கட்டண அடையாள எண்ணும் வரும், அதனால் தப்பான தொகையைக் கட்டிவிட்டு ஆபீஸுக்கு அலையும் பழைய கஷ்டம் பெருமளவு குறைந்திருக்கிறது. கணக்கு 1 (பிஎஃப்), 2 (நிர்வாகக் கட்டணம்), 10 (பென்ஷன்), 21 (இடிஎல்ஐ) என்று தொகையைத் தானே பிரித்துக்கொள்கிறது. நிர்வாகக் கட்டணம் 0.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய். மொத்த பிஎஃப் சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டாத சின்ன நிறுவனம் எப்படியும் அந்த 500ஐக் கட்டியாக வேண்டும். சம்பளப் பட்டியலில் ஒரு தொகையும் சலானில் வேறு தொகையும் வருவதற்கு அங்கே பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி தளம் பார்க்காத விஷயம். மேலே சொன்ன 18,500 சம்பளக்காரருக்கு பிஎஃப் சம்பளம் என்று எதைப் போடுவது? ஊரில் பாதிப் பேர் பேசிக்கும் டிஏவும் மட்டும், அதாவது 9,000 போடுகிறார்கள். தளம் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டிவிட்டது. எல்லோருக்கும் ஒரேமாதிரி, மாதாமாதம் கொடுக்கும் ஸ்பெஷல் அலவன்ஸ் எந்தப் பெயரில் இருந்தாலும் பிஎஃப் சம்பளத்தில் சேரும். வீட்டு வாடகைப் படி சேராது. ஆக 9,000 அல்ல, 15,000. 2014 செப்டம்பரிலிருந்து உச்சவரம்பும் அதே 15,000தான் என்பதால் பிடித்தம் 1,080க்குப் பதில் 1,800.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் கூலி வரையறையும் இதே திசையில்தான் போகிறது. விலக்கப்பட்ட படிகள் எல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியோடு சேர்ந்துவிடும். பேசிக்கை 30 சதவீதத்தில் வைத்து மற்றதைப் பத்துப் படிகளாகப் பிரிக்கும் பழைய தந்திரத்துக்கு இனி ஆயுள் இல்லை.

வித்தியாசத்தைப் பணமாகப் பார்த்தால்தான் உறைக்கும். தொழிலாளி பங்கில் 720, முதலாளி பங்கில் 720, ஆளுக்கு 1,440. 25 பேருக்கு மாதம் 36,000, வருடத்துக்கு 4,32,000. இடிஎல்ஐயும் நிர்வாகக் கட்டணமும் தனி. விசாரணையில் இந்தத் தொகை நிர்ணயமானால், பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைப் பிறகு வரும் சம்பளத்தில் பிடிக்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கும் முதலாளி பையிலிருந்துதான் போகும். அதன் மேல் 12 சதவீத வட்டி, சேதத் தொகை என்ற அபராதம். இதற்கான ஆதாரத்தை யாரும் தேடி வர வேண்டியதில்லை. இசிஆர் வரியில் 18500ஐயும் 9000ஐயும் பக்கத்துப் பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் நீங்களேதான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

பென்ஷன் கட்டத்திலும் இதே கதை. 58 வயது முடிந்தவருக்கு பென்ஷன் சம்பளம் பூஜ்யம், முதலாளியின் 12 சதவீதமும் பிஎஃப்புக்கே போக வேண்டும். 2014 செப்டம்பர் 1 முதல் புதிதாகச் சேர்ந்து, சேரும்போதே பிஎஃப் சம்பளம் 15,000க்கு மேல் இருப்பவருக்கும் அப்படியே. அதற்கு முன்பே பென்ஷன் திட்டத்தில் இருந்தவர், அல்லது 14,000த்தில் சேர்ந்து பிறகு 16,000 ஆனவர், 15,000 என்ற வரம்போடு உள்ளேயே தொடர்வார்; மாதம் 1,250. இந்த வேறுபாட்டை எக்செல்லில் ஒரே சூத்திரமாக இழுத்துவிடும் இடங்களில்தான் சிக்கல். தகுதி இல்லாதவருக்குப் பத்து வருடம் பென்ஷன் கணக்கில் கட்டியிருந்தால் அது வெளியே வருவது அவர் பணம் எடுக்கப் போகும் நாளில். கணக்கு 10லிருந்து கணக்கு 1க்கு மாற்றக் கடிதம், அதற்கு வட்டி என்று இழுக்கும். ஆள் சேரும் அன்றே படிவம் 11 வாங்கி, 'முன்பு பிஎஃப் உண்டா, பென்ஷன் உண்டா' என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினால் இந்தச் சங்கடமே வராது.

பத்தாவது கட்டமான சம்பளமில்லாத நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கக்கூடாது. தினக்கூலிக்காரர் 30 நாள் மாதத்தில் 26 நாள் வந்தால், வாரவிடுமுறை நான்கு போக, அவருக்குச் சம்பளமில்லாத நாள் பூஜ்யம். நான்கு என்று போட்டால் பிடித்தம் மாறாது, தளமும் கேட்காது. பென்ஷன் சேவைக்காலத்தில் மட்டும் மாதம் நான்கு நாள் கழிந்துகொண்டே போகும். தொழிலாளிக்கு இது தெரிய வருவது பென்ஷன் கணக்குப் போடும்போது.

ஆள் சேர்ப்பில் தளம் கடுமையாகிவிட்டது, அது நல்லதே. 2025 ஆகஸ்ட் முதல் புதிய யுஏஎன் எண்ணை அரசின் உமாங் செயலியில் முக அடையாளம் வழியாகத் தொழிலாளியே எடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு மூன்று யுஏஎன் உருவாகும் பழைய கூத்து இதனால் குறையும். ஆனால் முதல் நாள் காலையிலேயே ஆதாரோடு இணைந்த மொபைல் தொழிலாளி கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஆதார் மையத்தில்தான் முதல் வேலை. நம் ஊருக்கே உரிய தொல்லை இனிஷியல். ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. ஆதாரில் உள்ள பெயர்தான் கணக்கு. பள்ளிச் சான்றிதழைப் பார்த்துச் சம்பளப் பட்டியலில் பெயர் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வேலையை விட்டவருக்கு வெளியேறிய தேதி போடாமல் விடுவதும் முதலாளி பக்கத்துத் தப்புதான். கடைசிப் பிடித்தம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு அவரே போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி இருக்கிறது, அதனால் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். அடுத்த கம்பெனியில் சேர்ந்த தேதிக்குப் பிந்தைய தேதியை இங்கே போட்டுவிட்டால் இரண்டு சேவையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், பணமாற்றத்தில் விளக்கம் கேட்கப்படலாம், திருத்தத்துக்குத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி எழுத வேண்டும். கடைசி வருகைப் பதிவுத் தேதியைப் பார்த்துப் போடுவது ஒரு நிமிட வேலை.

தாமதத்தின் விலை. எங்கள் 25 பேர் கணக்கில், எல்லோருக்கும் 15,000 என்றால் மாதச் சலான் 93,750. பத்து நாள் தாமதமானால் பிஎஃப் சட்டத்தின் 7கியூ பிரிவு வட்டி சுமார் 308 ரூபாய். 14பி பிரிவுச் சேதத் தொகை 2024 ஜூன் முதல் மாதத்துக்கு 1 சதவீதம், ஏறக்குறைய 938. 'ஆயிரத்துச் சொச்சம்தானே, அடுத்த வாரம் கட்டலாம்' என்ற எண்ணம் இதனால்தான் வருகிறது. பெரிய அடி வருமான வரியில். தொழிலாளியிடம் பிடித்த பங்கை உரிய தேதிக்குள் கட்டாவிட்டால் அதைச் செலவாகக் காட்ட முடியாது, பிறகு கட்டினாலும் முடியாது என்று 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961 வருமான வரிச் சட்டத்தின் கீழ் வரும் ஆண்டுகளுக்கு, தொழிலாளி பங்கு 45,000 அப்படியே லாபத்தில் கூடும். பங்குதாரர் நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 14,040 ரூபாய். ஒரு மாதம் பத்து நாள் தாமதத்துக்கு. பிஎஃப் தளத்தில் எங்கேயும் இந்த எச்சரிக்கை கிடையாது, இருக்கவும் இருக்காது. அது வேறு இலாகா.

ஐந்து நாள் சலுகைக் காலம் 2016லேயே எடுக்கப்பட்டுவிட்டது. இன்னமும் 20ஆம் தேதி என்று மனதில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 15ஆம் தேதி மாலை தளம் மெதுவாக நகரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 10ஆம் தேதிக்குள் சலான் எடுத்துவிடும் பழக்கமே இதற்கு மருந்து.

இஎஸ்ஐ தளத்துக்கு வருவோம். இதற்கு ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் கோப்பு. எக்செல்லின் பழைய 97-2003 வடிவத்தில்தான் வார்ப்புரு, எல்லாக் கட்டமும் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வேறு தாளிலிருந்து நேராக ஒட்டினால் கட்டத்தின் வடிவம் மாறி, கண்ணுக்குச் சரியாகத் தெரியும் கோப்பு திரும்பி வரும். மதிப்பை மட்டும் ஒட்டும் வழியில் ஒட்டுங்கள். கடைசி வேலைத் தேதி கட்டத்தை எக்செல் தானாகத் தேதியாக மாற்றிவிடும், அங்கேதான் பாதிப் பேர் சிக்குகிறார்கள். நாள், மாதம், வருடம் என்று சாய்கோடு போட்டு எழுத்தாகவே இருக்க வேண்டும்.

விகிதம் 2019 ஜூலையிலிருந்து தொழிலாளிக்கு 0.75, முதலாளிக்கு 3.25 சதவீதம். முழுமையாக்கும் முறை பிஎஃப் போல அல்ல, எப்போதும் மேலே உள்ள ரூபாய்க்கு. 18,500க்கு 138.75 வரும், பிடிக்க வேண்டியது 139. சம்பளப் பட்டியலில் சாதாரண முறையில் முழுமையாக்கினால் 138.75 தப்பித்துவிடும், ஆனால் 18,300 சம்பளத்தில் 137.25 வந்து 137 ஆகும், தளம் 138 கேட்கும். மாதக் கடைசியில் நாலைந்து ரூபாய் உதைக்கிறதே என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நாட்கள் கட்டம் இன்னும் முக்கியம். சராசரி நாட்கூலி 176 ரூபாய் வரை இருந்தால் தொழிலாளி பங்கு கிடையாது, முதலாளி பங்கு மட்டும். இந்தச் சராசரியைத் தளம் நீங்கள் போட்ட நாட்களை வைத்துத்தான் போடுகிறது. நாள் 500 ரூபாய்க்கு எட்டு நாள் வந்தவருக்குச் சம்பளம் 4,000. நாட்கள் கட்டத்தில் பழக்கதோஷத்தில் 26 போட்டால் சராசரி சுமார் 154 என்று எடுத்துக்கொண்டு தொழிலாளி பங்கைப் பூஜ்யமாக்கிவிடும். நீங்களோ 30 ரூபாய் பிடித்திருப்பீர்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது சின்னத் தொகையானாலும் பெரிய குற்றம். எதிர்ப்பக்கம் தப்பினால் தொழிலாளிக்கு நஷ்டம்: உடல்நலக் குறைவுப் படி வாங்க ஆறு மாதப் பங்களிப்புக் காலம் ஒன்றில் 78 நாட்களுக்குச் சந்தா இருக்க வேண்டும், மகப்பேறு படிக்கு முந்தைய இரண்டு காலங்களில் 70 நாட்கள். நாட்களைக் குறைத்துப் போட்ட ஒரு கிளார்க்கால் ஒரு பெண்ணின் பேறுகாலப் பணம் போய்விடும்.

இஎஸ்ஐக்கான 21,000 ரூபாய் மாதச் சம்பள வரம்பைப் பற்றிய தவறான புரிதல் எங்கும் உண்டு. ஜூனில் சம்பளம் 22,500 ஆனால் ஜூலையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடுவில் வரம்பைத் தாண்டியவர் செப்டம்பர் கடைசி வரை உள்ளேதான், அதுவும் முழு 22,500க்கு, 21,000த்தோடு நிறுத்தக்கூடாது. 'வரம்புக்கு வெளியே' என்ற காரண எண் 4 ஏப்ரலிலும் அக்டோபரிலும் மட்டுமே செல்லும். தளம் சட்டத்தை உண்மையாகவே கட்டிக்காக்கும் அரிய இடம் இது, பாராட்டலாம். ஆள் வரவில்லை என்றால் வெறும் பூஜ்யம் போதாது. விடுப்பா, வேலையை விட்டாரா, வேலை இல்லையா என்று காரண எண் வேண்டும். விட்டுப் போனவருக்கு எண் 2, கடைசி வேலைத் தேதியோடு. ஊருக்குப் போனவர் திரும்பி வருவார் என்று தெரிந்தும் 2 போடாதீர்கள், 1 போடுங்கள்.

சேர்ந்த பத்து நாட்களுக்குள் பதிவு என்பது விதி. 'நிற்கிறானா பார்ப்போம்' என்று ஒரு மாதம் விட்டு, அதற்குள் கட்டிங் மெஷினில் கை போனால், இஎஸ்ஐ கார்ப்பரேஷன் தொழிலாளிக்குக் கொடுப்பதை நிறுவனத்திடம் வசூலிக்க வரும். முதல் நாளே பதிவு செய்ய ஆதாரும் குடும்ப விவரமும் வங்கிக் கணக்கும் போதும்.

இரண்டு தளமும் நினைவூட்டாதவை இரண்டு. தொழில்வரி உள்ளாட்சிக்கு, அரையாண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் 30க்குள்ளும் மார்ச் 31க்குள்ளும். அரையாண்டு வருமானம் 21,000 வரை இல்லை, உச்சம் 1,250 ரூபாய். தொழிலாளர் நல நிதி ஐந்து பேர் இருந்தாலே உண்டு. வருடத்துக்குத் தொழிலாளி 20, முதலாளி 40, ஜனவரி 31க்குள். தொகை சின்னது என்பதாலேயே மறந்துபோவது.

பிஎஃப் தளத்தின் கவனிக்கப்படாத நல்ல அம்சம் ஒன்று: நிறுவனத் தேடல். லாகின் வேண்டாம், யாரும் பார்க்கலாம். கம்பெனி பெயரையோ கோடையோ போட்டால் எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்கு என்று வந்துவிடும். பீஸ் ரேட்டுக்குத் தையல் ஆட்களைக் கொண்டுவரும் கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளி தலையில்தான் விழும். அவருடைய பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் இங்கே ஒரு பார்வை. உங்கள் யூனிட்டில் பதினெட்டுப் பேரைக் காட்டிப் பில் போட்டுவிட்டு, சலானில் அவர் மொத்தமாகவே பதினொரு பேருக்குத்தான் கட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அவரிடம் ரசீதை மட்டும் வாங்காமல் அந்த மாத இசிஆரையும் கேளுங்கள். ரசீதில் தொகை இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

கன்சல்டன்ட் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். லாகினில் பதிவான மொபைலும் மின்னஞ்சலும் நிறுவனத்துடையதாக இருக்கட்டும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்கள் பீரோவில் இருக்கட்டும். மாதாமாதம் இசிஆர், சலான், கட்டிய ரசீது, இஎஸ்ஐ பங்களிப்பு விவரம் நான்கையும் சம்பளப் பட்டியலோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். விசாரணை என்று வந்தால் அதிகாரி கேட்பது இந்த ஐந்தும், வருகைப் பதிவும், வங்கி ஸ்டேட்மென்ட்டும். பேரேட்டில் 'கூலி' தலைப்பில் இருக்கும் தொகைக்கும் இசிஆரின் மொத்தச் சம்பளத்துக்கும் இடைவெளி இருந்தால், அது யாருக்குப் போனது, ஏன் பிஎஃப் இல்லை என்று எழுத்தில் தயாராக வைத்திருங்கள். முதல் கேள்வி அங்கேயிருந்துதான் வரும்.